வேலிக்குள் ஒரு மூலைவிட்டம்

1

மாலை நாலு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. தொழிற்சாலையின் கடைசிப் பரிசோதனை மேசையில் ஒரு குழந்தைப் போர்வையை விரித்து வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் நேர் எதிரே இருந்ததால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிலிருக்கிறது.

அழைத்தவர் பாடசாலை வான் ஓட்டும் ஜாபர் பாய்.

"ஏனுங்க மேடம், பாப்பா வண்டிக்கு வரலீங்களே. நீங்க நேரத்துலயே கூட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லையே."

"கூடப் படிக்கிற புள்ளைங்க, தர்ஷிகா பெல்லடிச்ச ஒடனே நடந்தே ஊட்டுக்குப் போயிட்டான்னு சொல்லுதுங்க. சரி, வழியில ஏத்திக்கலாம்னு பாத்துட்டே வந்தேன். உங்க ஊட்டு வரைக்கும் வந்துட்டனுங்க. காணமுங்க."

காணவில்லை. வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிக்கும் உங்களுக்கு அந்தச் சொல்லின் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி வீதியோரம் இருக்கிற தாய்மாரைக் கடந்துதான் நீங்கள் சந்தைக்குப் போய் வருகிறீர்கள். நானும் அப்படித்தான் கடந்து போய் வந்தேன். பாய் அதற்குப் பிறகு என்னென்னவோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

2

எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். வெளிநாடு என்றதும் உங்கள் கண்ணுக்குக் கனடாவின் வெண்பனி தோன்றும். நான் வந்து சேர்ந்த வெளிநாட்டில் முருங்கைக்காய் லொறி லொறியாகப் போகிறது. மூலனூர் என்று பெயர். திருப்பூரில் இருந்து பனியன் கம்பனிகள் ஆள் தேடி இப்படியான சிற்றூர்களுக்கெல்லாம் கிளை விரித்திருக்கின்றன. வவுனியாவில் எங்கள் ஆடைத் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது, எனக்கு முன்பே இங்கே வந்துவிட்ட பழைய மேலாளர் ஒருவர் அழைத்தார். தரக்கட்டுப்பாட்டு வேலை. நானும் மகளும் வந்தோம். என் கணவர் படுக்கையிலிருக்கும் தாயையும் கடையையும் விட்டு வர முடியாமல் அங்கேயே இருக்கிறார்.

தமிழ்நாடுதானே, மொழிப் பிரச்சினை இராது என்று நினைத்து வந்தேன். முதல் வாரமே தேநீர்க் கடையில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏனுங்க, நீங்க மலையாளமுங்களா?" நான் பேசியது அத்தனையும் தமிழ். இப்போதும் தையல் வரிசையில் நான் "கதைக்க வேண்டாம்" என்று சொன்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "நாங்க எங்கீங்க மேடம் கதை சொன்னோம்?"

மகளின் பாடுதான் பெரிது. இங்கே எட்டாம் வகுப்பு. அங்கே கேத்திர கணிதம் என்று படித்தவளுக்கு இங்கே வடிவியல். அவள் ஆரை என்று எழுதினால் இங்கே அது ஆரம். சமாந்தரம் என்றால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது, இங்கே இணை. ஒரு சோதனையில் தன் சொற்களையே எழுதி வைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். அடுத்த நாள் அவளுடைய கணக்கு ஆசிரியை கரும்பலகையில் இரண்டு நாட்டுச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "நமக்கு ரெண்டு மடங்கு தெரியப் போகுது" என்றாராம். யார் என்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு அதைச் செய்யவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் பிள்ளை மாறிக்கொண்டே போகிறாள். "ஓம்" போய் "ஆமாங்க" வந்துவிட்டது. தகப்பனோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் பழைய பேச்சை எடுத்து உடுத்திக்கொள்கிறாள். அதையும் தூசி தட்டி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.

காகித வேலைகளைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது. வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கக் கொடுத்து எத்தனையோ வாரம். இணையத்தில் எப்போது பார்த்தாலும் "பரிசீலனையில்" என்றே நிற்கிறது. முகவரிச் சான்றுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து, அதற்குப் பொலிஸ் நிலையத்தின் முத்திரை, முத்திரைக்கு மறுபடியும் முகவரிச் சான்று. எங்கள் வீட்டுக்காரி ருக்குமணியக்கா ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடும்போது சொல்வார்: "இந்தக் கையெழுத்த என்ற கல்யாணத்துக்குக் கூட இத்தன தடவ போட்டதில்லீங்க."

இதைச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. அன்று மகளைக் காணவில்லை என்றதும் நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடவில்லை. பரிசீலனையில் இருக்கிற ஒருத்தி தானாகப் போய் அந்த வாசலில் நிற்பதா என்று கால் தயங்கியது. எங்கள் ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய கால்கள்.

3

அதற்கு முதல் நாள் மாலை குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். தர்ஷிகா வந்து வாசற்படியில் இருந்தாள்.

"அம்மா, மூலைவிட்டமெண்டா என்ன?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஒரு சொல் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். சட்டென்று சொன்னேன். "ஒரு நாற்கரத்தில எதிரெதிர் மூலையளைச் சேர்க்கிற நேர்கோடு."

"அது எனக்கும் பாடம். டீச்சர் அதைக் கேக்கேல்ல. சொல்லைப் பாடமாக்கினாப் போதாதாம். அதை எங்க பாவிக்கிறதெண்டு ஆளாளுக்கு ஒண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வரோணுமாம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளுடைய போர்வையை எடுத்து விரித்தேன். என் தினசரி வேலை அது. குழந்தைப் போர்வையின் நான்கு பக்கங்களும் அளவில் சரியாக இருந்தாலும், பின்னல் துணி இழுபட்டுச் சரிந்திருக்கலாம். பக்கங்களை மட்டும் அளப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் நாடா பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றானால்தான் அது செவ்வகம். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் பெட்டியில் போகக் கூடாது.

அவள் கவனமாகத்தான் கேட்டாள். பிறகு போர்வையைத் தன் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது உங்கட பாவனை அம்மா. எனக்கு என்ர வேணும்."

4

தொழிற்சாலையில் இருந்து நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஆனால் என் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிற ஒடிசாக்காரர்கள் இருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, "மேடம், போட்டோ தீஜியே" என்று கை நீட்டினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. மகளின் படத்தைத் தங்கள் தொலைபேசிக்கு அனுப்பி வாங்கிக்கொண்டு தாராபுரம் பக்கம் போனார்கள். ஜாபர் பாய் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். வரிசையிலிருந்த பெண்கள் தாங்களாகவே பிரிந்து பேருந்து நிறுத்தம், கோயில், முருங்கைக்காய் மண்டி என்று ஓடினார்கள்.

பாடசாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது இப்படி: பெரிய வீதியில் நெடுந்தூரம் நேராக வந்து, பெற்றோல் நிலையத்தில் திரும்பி, இட்டேரி என்று இங்கே சொல்கிற மண் பாதையில் இன்னொரு தூரம் உள்ளே வர வேண்டும். இந்த இரண்டு பாதைகளையும் நான் நடந்தும், பாயின் வானில் ஏறியும், மறுபடி இறங்கி ஓடியும் பார்த்தேன். ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் குனிந்தேன்.

வீட்டு வாசலில் ருக்குமணியக்கா தொலைபேசியோடு நின்றார். என்னைக் கேட்காமலே பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துவிட்டிருந்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அக்கா, பதிவு இன்னும் வரேல்லை. அவங்கள் கேட்டால்..."

"அட, சும்மா இருங்கம்மணி. பேப்பரு பேப்பருன்னுட்டு. புள்ளயத் தேடற நேரத்துல பேப்பரையா தேடுவாங்க?" என்று என் கையை உதறிவிட்டு, தொலைபேசியில் சத்தமாகச் சொன்னார்: "ஆமாங்க சார், பதிமூணு வயசுங்க. ஸ்கூல் யூனிபார்முங்க. யாரு புள்ளைங்களா? எங்க ஊட்டுப் புள்ளைதானுங்க."

எந்த நாடு என்ற கேள்விக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வரவே இல்லை. இரண்டு காவலர்களைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்புவதாக மறுமுனையில் சொன்னார்கள்.

இருட்டத் தொடங்கியது. கார்த்திகையில் இங்கே பொழுது சீக்கிரம் விழுந்துவிடும். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் அவர் என்ன செய்வார்? தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன்.

"ரெண்டு ரோட்டையும் அலசியாச்சு," என்றார் ருக்குமணியக்கா. "காலையில எதாச்சும் சொல்லுச்சுங்களா? யாரோடயாச்சும் சண்டைங்களா?"

"இல்லை அக்கா. கணக்குப் பாடம் பற்றித்தான் கதைச்சவள். ஒரு சொல்லுக்கு..."

சொல்லிக்கொண்டே எதிரே இருந்த வேலியைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு எதிரே, இட்டேரிக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய மேய்ச்சல் நிலம். கொறங்காடு என்பார்கள். உழாமல், புல்லும் வெள்வேல மரங்களுமாக ஆடுமாடுகளுக்கென்றே விட்டிருக்கும் நிலம். சுற்றிலும் கிளுவைச் செடியை நெருக்கி வளர்த்த உயிர்வேலி, ஆள் உயரத்துக்கு மேலே, முள்ளோடு. நான் தேடித் திரிந்த பெரிய வீதி அந்த நிலத்தின் ஒரு பக்கம். இட்டேரி இன்னொரு பக்கம். பாடசாலை ஒரு மூலையில். எங்கள் வீடு எதிர் மூலையில்.

பக்கங்களை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன்.

ஏன் தோன்றவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் வளர்ந்த இடத்தில் வேலி போட்ட வெறும் நிலத்துக்குள் யாரும் கால் வைப்பதில்லை. மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடிப் பலகை இருந்ததோ இல்லையோ, பாதையை விட்டு இறங்காதே என்றுதான் எங்கள் உடம்பு படித்திருக்கிறது. சுற்றிப் போவதுதான் எங்களுக்கு வழி. என் மகள் அதற்கெல்லாம் பிறகு பிறந்தவள். நிலத்தைப் பார்த்தால் அவளுக்கு நிலம் மட்டும்தான் தெரியும். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

"அக்கா, இதுக்குள்ளால வந்திருப்பாளோ?"

"கொறங்காட்டுக்குள்ளயா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அதுக்குள்ள யாருங்க வருவா? அதுக்கு ஒரே படல்தானுங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம். உள்ள போனா போன வழியாத்தான் திரும்போணும். ஆடு வெளிய வந்துட்டா அதையும் இழுத்துக் கட்டிப் போட்டுருவாங்க. இது இந்த ஊர்ல நடக்கப் பழகுற புள்ளைக்குக் கூடத் தெரியுமுங்க."

"அவளுக்குத் தெரியாதே அக்கா."

ருக்குமணியக்காவின் முகம் மாறியது. படல் என்கிற, முள் சட்டம் கட்டிய அந்த ஒற்றை வாசலை அவர் அப்போதுதான் என் மகளின் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரும் இட்டேரியைத் தாண்டி ஓடினோம்.

5

வேலியோரம் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். எங்கோ உள்ளேயிருந்து, மிக மெல்லியதாக, அழுது அழுது கட்டிப்போன ஒரு குரல், "அம்மா" என்றது.

அது என் அருகே ஓடி வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. காலணி புல்லில் உரசுவது கேட்கிறது, மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது, ஆனால் பிள்ளையைத் தெரியவில்லை. கையை உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் முள். ருக்குமணியக்கா என்னைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, வீட்டில லைற் எரியேல்லை. நீங்கள் இல்லையெண்டு நினைச்சன்."

"உன்னைத் தேடித்தான் பிள்ளை திரிஞ்சனான். காயமோ? விழுந்தனியோ?"

"இல்லை. அம்மா, நான் பிழையா வரேல்லை. அந்த மூலையில இருந்து நேராத்தான் வந்தனான். எங்கட தண்ணித் தாங்கியைப் பார்த்துக்கொண்டே வந்தனான். கிட்டத்தான் இருந்தது. இங்க வந்தா வழி இல்லை."

"பேந்து ஏன் திரும்பிப் போகேல்லை?"

"முதல்ல வேலி நெடுகத் தேடினன், எங்கயாவது ஒரு இடைவெளி இருக்குமெண்டு. பிறகுதான் திரும்பிப் போனன். அதுக்குள்ள வாசலைக் கட்டிப் போட்டுட்டாங்க. கத்திக் கூப்பிட்டன், லொறிச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. இருட்டினாப் பிறகு இங்க வந்தா வீடாவது தெரியுமெண்டு வந்தன்."

ருக்குமணியக்கா நிலத்துக்காரர் செல்லமுத்துவுக்கு அழைத்தார். மண்டியில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டிருந்தாராம்.

"உங்க கொறங்காட்டுக்குள்ள எங்க பாப்பா மாட்டிக்கிச்சுங்க... ஆமாங்க, சிலோன்காரங்க பாப்பாதான்... இட்டேரி மூலையில... நான் வேணா வேலிய வெட்டட்டுமுங்களா?" தொலைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். மறுமுனையில் அவர் சத்தம் போட்டார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "காளை உள்ளதான் நிக்குதாமுங்க. புது ஆளுங்க யாரும் படலைத் தொறக்க வேண்டாம்னாரு. பாப்பாவ வேலியோரமா அசையாம ஒக்காந்திருக்கச் சொன்னாரு. இந்தா வந்தர்றாராம்."

"வேலியை வெட்டினால்?"

"அத மட்டும் அவருகிட்டக் கேக்காதீங்க. அவிய தாத்தன் வெச்ச வேலிங்க. போன வருசம் ஆட்டுக்கு ரெண்டு கொப்பு ஒடிச்சதுக்கு என்ற கொழுந்தனாரோட இன்னும் பேச்சில்லை. இப்பச் சும்மா கேட்டதுக்கே அந்தக் கத்து கத்தறாரு."

எங்கள் தொலைபேசி வெளிச்சத்தை வேலிக்குள் பிடித்தோம். இலைகளுக்கிடையே வெள்ளைச் சீருடையின் ஒரு துண்டு தெரிந்தது. அது போதுமாக இருந்தது. அதை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, ஏதோ மூச்சு விடுது."

எனக்கும் கேட்டது. கனமான மூச்சு. புல்லை இழுத்துப் பிய்க்கிற சத்தம். எவ்வளவு தூரத்தில் என்று கணிக்க முடியவில்லை. குரல் நடுங்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"அது தன்ர பாட்டில மேயுது. நீ அங்க பார்க்காத. என்னோட கதை. மூலைவிட்டமெண்டா என்ன, சொல்லு."

"அம்மா!"

"சொல்லு பிள்ளை."

"நாற்கரத்தில... எதிரெதிர் மூலையளைச் சேர்க்கிற நேர்கோடு."

"எத்தனை?"

"ரெண்டு."

"செவ்வகத்தில?"

"ரெண்டும் சமம். ஒண்டையொண்டு நடுவில வெட்டும்."

"ஏனுங்க," என்றார் ருக்குமணியக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த நேரத்துல பரிச்சை வெக்கறீங்களே, நீங்கெல்லாம் ஒரு தாயா?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிறியது, மூக்கு அடைத்தது. அந்த ஒரு சிரிப்புக்காக நான் இந்த ஊருக்கு வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். சாய்சதுரத்தைக் கேட்டேன், சதுரத்தைக் கேட்டேன், இணைகரத்தைக் கேட்டேன். தெரியாததற்கு ஏதோ ஒரு பதில் சொன்னாள். நானும் சரியென்றேன். இதற்குள் இட்டேரியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஜாபர் பாய் வானின் முன்விளக்கை வேலியை நோக்கித் திருப்பி வைத்தார். ஒடிசாக்காரர்கள் மூச்சிரைக்க வந்து, "மேடம், பச்சி மிலி?" என்றார்கள், பிள்ளை கிடைத்ததா என்பதாகத்தான் இருக்க வேண்டும். வேலியைக் காட்டினேன். அவர்களும் அதன் முன்னே குந்திக்கொண்டார்கள். போவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

வெகு தொலைவில், பாடசாலை மூலையில், ஒரு டோர்ச் வெளிச்சம் தோன்றியது. அது அந்த நிலத்தைக் குறுக்காகக் கடந்து, ஒரே நேராக, எங்களை நோக்கி வந்தது. இடையில் நின்று, "ஹோய், ஹோய், போடா அக்கட்ட" என்று காளையை அதட்டியது. மறுபடி நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"கண்ணு, பயந்துட்டியா? ஒண்ணுமில்ல சாமி. பைய இங்க குடு. என்ற முதுகுக்குப் பின்னால வந்து நின்னுக்கோ."

பிறகு ஒரு வெட்டுச் சத்தம். கிளுவையின் பச்சை மணம் குப்பென்று வந்தது. இன்னொரு வெட்டு. ருக்குமணியக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். இத்தனை நேரம் கசமுசவென்று பேசிக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

செல்லமுத்து எங்களிடம் சொன்னார்:

"அம்மணி, எல்லாரையும் கூட்டிட்டு அந்தண்ட கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முள்ளுத் தெறிக்கும். இங்க ஒரு படல் வெக்கோணும்னு நானும் ரொம்ப நாளா நெனச்சுட்டேதானுங்க இருந்தேன்."